பீட்டர்பில்ட்டா, ஃப்ரைட்லைனரா, இன்டர்நேஷனலா? முதல் சொந்த ட்ரக் எடுக்கப் போகிறவர்களுக்கு

நாலைந்து வருடம் கம்பெனி ட்ரக் ஓட்டிக் கை பழகிவிட்டால் பெரும்பாலான டிரைவர்களுக்கு ஒரு யோசனை வந்துவிடும்: எத்தனை நாளைக்குத்தான் இன்னொருத்தர் வண்டியை ஓட்டுவது, சொந்தமாக ஒன்று எடுத்தால் என்ன? ஒன்டாரியோவில் நம்மவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். 401 நெடுஞ்சாலையில் ஏறி, விண்ட்சரில் பாலம் தாண்டி, மிச்சிகன், ஓஹையோ, டெக்சாஸ் வரை போய் வருகிறவர்கள். புது ட்ரக்கின் விலையைக் கேட்டால், அந்தக் காசில் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். ஆகவே பேச்சு சுற்றிச் சுற்றிப் பழைய வண்டியில்தான் வந்து நிற்கும். அங்கே மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஆசைப்படுகிறவர்கள் பீட்டர்பில்ட் என்பார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் ஃப்ரைட்லைனர் என்பார்கள். கையில் காசு குறைவாக உள்ளவர்களிடம் யாராவது ஓர் இன்டர்நேஷனல் ப்ரோஸ்டாரைக் காட்டி, “இதே வருட வண்டி, விலை பாதிதான்” என்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பானட்டில் ஒட்டியிருக்கும் பெயருக்குக் காசு கொடுக்க வேண்டாம். உள்ளே இருக்கிற எஞ்சினுக்கும், அந்த எஞ்சின் செய்யப்பட்ட வருடத்துக்கும் கொடுங்கள். அதற்காக பிராண்டின் வரலாறு தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த வருடத்தில் யாருடைய எஞ்சின் உட்கார்ந்திருந்தது, அதை ஏன் வைத்தார்கள் என்பதுதான் அந்த வரலாறே. அது தெரிந்தால் பழைய வண்டிச் சந்தையில் ஏன் ஒன்று மலிவு, இன்னொன்று ஏன் யானை விலை என்பது விளங்கும்.

எஞ்சின் வருடங்களில் மூன்று கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். 2002 கடைசியை ஒட்டி அமெரிக்க டீசல் எஞ்சின்களில் இ.ஜி.ஆர். பரவலாக வந்தது. புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்பவும் சிலிண்டருக்குள் அனுப்பும் ஏற்பாடு அது. 2007இல் டி.பி.எஃப். வந்தது, கரித்தூளைப் பிடித்துவைத்து எரிக்கிற வடிகட்டி. 2010இல் எஸ்.சி.ஆர். வந்தது, அதாவது புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது. டெஃப் என்று ட்ரக் ஸ்டாப்பில் ஊற்றுகிறோமே, அதுதான். ஊரில் லாரிக்காரர்கள் யூரியா என்கிறார்கள்.

2000க்கு முந்திய எஞ்சின்களில் இந்த மூன்று தொல்லையும் கிடையாது. டிரைவர் ஓட்டிய நேரத்தைக் கருவியே பதிய வேண்டும் என்ற மின்னணு லாக்புக் சட்டம் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அமலுக்கு வந்தபோது அந்தப் பழைய எஞ்சின்களுக்கு விலக்கும் கிடைத்தது. பழைய வண்டிகளுக்குச் சந்தையில் இன்னும் நல்ல கிராக்கி இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் கலிஃபோர்னியாவுக்குள் ஓட வேண்டுமென்றால் 2023 முதல் 2010 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சின் இருந்தாக வேண்டும். உங்கள் லோடு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் வண்டி தேடாதீர்கள்.

பீட்டர்பில்ட்டில் தொடங்குகிறேன். ஆசை அங்கேதான் தொடங்குகிறது.

வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் டி.ஏ. பீட்டர்மன் என்று ஒரு மர வியாபாரி, ப்ளைவுட் செய்கிறவர். காட்டிலிருந்து மில்லுக்கு மரம் இழுக்க அவருக்கு உறுதியான வண்டி வேண்டியிருந்தது. கிடைத்த பழைய ட்ரக்குகளைப் பிரித்து மாற்றிக் கட்டி ஓட்டிப் பார்த்தார். கடைசியில் கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்தில் நொடித்துப்போயிருந்த ஃபேஜியோல் என்ற ட்ரக் கம்பெனியின் சொத்தை 1938இல் வாங்கிவிட்டார். மறு வருடம் பீட்டர்பில்ட் என்ற பெயரில் முதல் வண்டிகள் வெளிவந்தன. தன் மரத்தை இழுக்கத்தான் தொடங்கினார், தொழிற்சாலை வேறு திசையில் வளர்ந்தது. அந்த வளர்ச்சியைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. உலகப்போர் முடியுமுன்பே இறந்துபோனார். மனைவி ஐடா கம்பெனியை அதன் மேலாளர்களுக்கே விற்றார், நிலத்தை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொண்டார். அந்த நிலத்தை வேறு வகையில் பயன்படுத்த அவர் முடிவெடுத்தபோது, புது ஆலை கட்டத் தெம்பில்லாத மேலாளர்கள் 1958இல் பசிபிக் கார் அண்ட் ஃபவுண்ட்ரி என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அதன் பெயர் பக்கார்.

இதில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த பசிபிக் கார், பீட்டர்பில்ட்டின் நேர்ப் போட்டியாளரான கென்வொர்த்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. கென்ட், வொர்த்திங்டன் என்ற இருவர் பெயரைச் சேர்த்து 1923இல் சியாட்டிலில் தொடங்கியது கென்வொர்த். 1933இலேயே டீசல் எஞ்சினை வழக்கமான பொருத்தமாகத் தந்த முதல் அமெரிக்க ட்ரக் அதுதான். ஆக, ட்ரக் ஸ்டாப்பில் “பீட்டா, கேடபிள்யூவா” என்று சண்டை போடுகிற இருவரும் ஒரே முதலாளிக்குத்தான் காசு கட்டியிருக்கிறார்கள். எஞ்சினும் இரண்டிலும் ஒன்றுதான், கம்மின்ஸ் அல்லது பக்காரின் சொந்த எம்.எக்ஸ்.13. கேபினும் டாஷ்போர்டும் முகமும் வேறு. இதற்கு மேல் கென்வொர்த்தைத் தனியாகப் பேசப் போவதில்லை. நீளமூக்கு பீட்டர்பில்ட் 389க்குச் சொல்வதெல்லாம் கென்வொர்த் டபிள்யூ900க்கும், வளைந்த மூக்குள்ள 579க்குச் சொல்வதெல்லாம் கென்வொர்த் டி680க்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நீளமூக்கு பீட் என்றால் 1967இலிருந்து 359, 1987இலிருந்து 379, 2007இலிருந்து 389, இப்போது 2023இல் அறிமுகமான 589. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே சாயல்: சதுரமான நீள பானட், கேபினின் இரு பக்கமும் பளபளவென்று ஏர் க்ளீனர் உருளைகள், பின்னால் வானத்தைப் பார்க்கும் இரட்டைப் புகைக்குழாய். இந்த உருவம் பிழைத்ததற்குச் சட்டமும் காரணம். முன்பு பல மாநிலங்கள் வண்டியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கு நீண்டால் சரக்குக்கு இடம் குறையும், அதனால் எஞ்சின்மேல் உட்கார்ந்து ஓட்டும் தட்டைமூக்கு வண்டிகளே அதிகம் ஓடின. 1982இல் வந்த கூட்டரசுச் சட்டம், தேசிய நெடுஞ்சாலை வலைப்பின்னலில் ட்ரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும் என்றது. மூக்கு எவ்வளவு நீண்டால் என்ன என்றாகிவிட்டது. தட்டைமூக்குகள் சில வருடங்களில் அமெரிக்கச் சாலையிலிருந்து ஏறத்தாழ மறைந்தன.

379 வைத்திருப்பவர்கள் சொல்கிற புகழில் பாதி அந்த வண்டிக்கு உரியது, மீதி அதற்குள் இருந்த கேட்டர்பில்லர் எஞ்சினுக்கு. 3406இ, அதன் பிறகு வந்த சி15, இவை இரண்டும் ஓனர்களிடம் வாங்கிய நல்ல பெயரை வேறெந்த எஞ்சினும் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. பிரித்து மாட்ட எளிது, உதிரி எங்கும் கிடைக்கும், மேட்டில் இழுவை தளராது. 2010 விதிகள் வருமுன், 2008இல், நெடுஞ்சாலை ட்ரக் எஞ்சின் தொழிலிலிருந்தே விலகுவதாக கேட்டர்பில்லர் அறிவித்துவிட்டது. அதனால் 389 என்று இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கம்மின்ஸ் அல்லது எம்.எக்ஸ். உள்ளவை. மஞ்சள் நிற கேட்டர்பில்லர் எஞ்சினைப் பற்றிக் கேட்ட கதையை நம்பி, சிவப்பு நிற கம்மின்ஸ் எஞ்சின் உள்ள வண்டிக்கு அந்த விலையைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

ஓனர்களின் குறை என்று கேட்டால் கேபின் குறுகல் என்பதுதான் முதலில் வரும். இடது முழங்கை கதவில் இடிக்கும். காற்றுச் சத்தம் அதிகம். வீல்பேஸ் நீண்ட வண்டியை எடுத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் ஒரு பழைய கிடங்கின் முற்றத்தில் பின்னால் எடுத்துப் பாருங்கள், நாலு தரம் இழுத்து இழுத்துத்தான் நேராகும். ஃப்ரைட்லைனரின் கஸ்கேடியா மாடல் ஓட்டுகிறவர் ஒரே வெட்டில் உள்ளே விட்டு இறங்கிப் போய்விடுவார்.

ஆனால் பெரிய விஷயம் டீசல். சதுர மூக்கு காற்றை வெட்டுவதில்லை, முட்டுகிறது. மூடிய ட்ரெய்லரோடு சமதளத்தில் ஓடும் நீளமூக்கு வண்டிக்கு கேலனுக்கு ஆறு மைல் என்பது வழக்கமான பேச்சு. அதே லோடுக்குப் புதிய தலைமுறை கஸ்கேடியாவில் எட்டு மைலைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வருடத்துக்கு 1,00,000 மைல் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 16,667 கேலன், மற்றதற்கு 12,500. வித்தியாசம் 4,167 கேலன். கேலன் 4 டாலர் என்றால் வருடத்துக்கு 16,700 டாலருக்குச் சற்றுக் குறைவு. மாதாமாதம் இன்னொரு கடன் தவணை கட்டுவதற்குச் சமம். ‘பீட் விற்கும்போது நல்ல விலை போகும்’ என்பார்கள். உண்மை, போகும். ஐந்து வருடத்தில் டீசலில் போன எண்பதாயிரத்துச் சொச்சத்தைத் திருப்பித் தரும் அளவுக்குப் போகுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பழக்கமான அண்ணை ஒருவர் நல்ல நீல நிறத்தில் ஒரு 389 வைத்திருக்கிறார். இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “லாபத்துக்கெண்டு நான் இதை வாங்கேல்லை தம்பி, இவ்வளவு காலம் ஓடினதுக்கு எனக்கு நானே குடுத்த பரிசு” என்றார். இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவருக்கு வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், நேரடி வாடிக்கையாளரிடமிருந்து தட்டை ட்ரெய்லரில் இயந்திரங்கள் ஏற்றுகிறார். தட்டை ட்ரெய்லரில் எப்படியும் காற்று முட்டும், அதனால் மூக்கின் வடிவம் தருகிற நன்மையும் குறைவு. முதல் வண்டி எடுப்பவரின் நிலை அதுவல்ல.

இனி ஃப்ரைட்லைனர். ட்ரக் கம்பெனிகளில் பலவும் வண்டி செய்து விற்கலாம் என்று தொடங்கியவை. இது வண்டி வாங்கிச் சலித்துப்போனவர் தொடங்கியது. போர்ட்லண்டில் கன்சாலிடேட்டட் ஃப்ரைட்வேஸ் என்ற சரக்குக் கம்பெனியை நடத்திய லீலண்ட் ஜேம்ஸுக்கு, மேற்கு மலையேற்றங்களில் சந்தை வண்டிகள் திணறுவது பிடிக்கவில்லை. கனமும் கூடுதல். அலுமினியத்தால் எடை குறைந்த தட்டைமூக்கு வண்டிகளைத் தன் கம்பெனிக்காகத் தானே செய்யத் தொடங்கினார். 1942இல் ஃப்ரைட்லைனர் என்ற பெயர் வந்தது. வெளியாருக்கு முதலில் விற்றது 1950இல், போர்ட்லண்டிலேயே இருந்த ஃபோர்க்லிஃப்ட் கம்பெனியான ஹைஸ்டருக்கு. பிறகு 1951 முதல் 1977 வரை ஒயிட் மோட்டார் கம்பெனி விற்றுக் கொடுத்தது, 1981இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் வாங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்கிறதே, அதே டைம்லர்தான்.

கணக்குப் பார்க்கிறவனுக்காகக் கணக்குப் பார்க்கிறவன் செய்த வண்டி என்ற குணம் இன்றுவரை இதில் மாறவில்லை. 2007இல் வந்த கஸ்கேடியாவிலும், 2017இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையிலும் எடை, காற்று, டீசல், பழுது பார்க்கும் நேரம் என்று எல்லாம் பெரிய கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அழகு கடைசி. பிளாஸ்டிக் டாஷ்போர்டு சில வருடத்தில் கிறீச்சிடும், பம்பரின் மூலை மான் தட்டினாலே போய்விடும், கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிடுமோ என்றிருக்கும். ‘ஃப்ரைட்ஷேக்கர்’ என்று டிரைவர்கள் கேலி செய்வது சும்மா இல்லை. ஆனாலும் கண்ணாடி பெரிது, முன்பார்வை நல்லது, சட்டென்று வளையும்.

எஞ்சின் பக்கம் இதற்கு ஒரு நல்ல பரம்பரை இருக்கிறது. டெட்ராய்ட் டீசலின் 1987இல் வந்த சீரிஸ் 60, மின்னணுக் கட்டுப்பாட்டை முழுமையாகக் கொண்டுவந்த முதல் கனரக டீசல். அந்தக் கம்பெனியும் 2000இல் டைம்லரின் கைக்கு வந்துவிட்டது. ஆக கஸ்கேடியாவில் டி.டி.15 எஞ்சின், டி.டி.12 கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் ஒரே வீட்டுப் பொருள். ஒன்று பழுதானால் எஞ்சின்காரர் கியர்பாக்ஸ்காரரைக் காட்டுவதும், கியர்பாக்ஸ்காரர் வயரிங்கைக் காட்டுவதும் இதில் குறைவு. டி.டி.15இன் ஆரம்ப வருட எஞ்சின்களில் டி.பி.எஃப். தொகுதியில் டீசல் தெளிக்கும் டோசர் அடைத்துக்கொள்வது, எண்ணெய்க் கசிவு, வடிகட்டிப் பெட்டியைத் திறந்தாலே வருகிற பெரிய பில் என்று புலம்பல் உண்டு. அதனால் என் ஓட்டு 2018 மாடலும் அதற்குப் பிந்தியதும்.

பழைய கஸ்கேடியாக்களில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகள் நாலைந்து வருடம் ஓட்டிக் கழித்துவிட்டவை. இதில் நல்லதும் கெட்டதும் உண்டு. பராமரிப்புக் குறிப்புகள் ஒழுங்காகக் கிடைக்கும், எண்ணெய் நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் வண்டிக்கு ஐம்பது டிரைவர் மாறியிருக்கலாம். குளிருக்கும் சூட்டுக்கும் இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியிருப்பார்கள். ஐட்லிங் நேரம் ஓடோமீட்டரில் தெரியாது. டி.பி.எஃப். கரி ஏறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இன்டர்நேஷனல் கதை கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ப்ரோஸ்டார் ஏன் மலிவு என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

மூன்றில் மூத்தது இதுதான். 1902இல் மெக்கார்மிக், டீரிங் என்ற இரண்டு அறுவடை இயந்திரக் கம்பெனிகளை முக்கியமாகச் சேர்த்து உருவானது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். 1907இல் ஆட்டோ வேகன் என்று விவசாயிகளுக்கான ஒரு வண்டியைச் செய்தது, ட்ரக் வரலாறு அங்கே ஆரம்பம். பழைய டிரைவர்கள் இன்னும் இதைக் கதிர் கட்டும் இயந்திரத்தின் பெயரால் ‘பைண்டர்’ என்பார்கள். 1979 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் வேலைநிறுத்தம் 172 நாள் நீடித்தது, அதோடு 1980களின் விவசாய நெருக்கடியும் சேர, 1985இல் டிராக்டர் தொழிலை விற்றுவிட்டு 1986இல் நாவிஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்தியாவில் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்து சில வருடங்களில் விலகிப்போனதும் இதே நாவிஸ்டார்.

2010 விதி வந்தபோது கம்மின்ஸ், டெட்ராய்ட், வால்வோ, பக்கார் எல்லாரும் யூரியா வழியை எடுத்தார்கள். நாவிஸ்டார் மட்டும் யூரியா வேண்டாம், டெஃப் டாங்க் வேண்டாம், இ.ஜி.ஆரையே இன்னும் கூட்டி சிலிண்டருக்குள்ளேயே புகையைச் சுத்தம் செய்துவிடலாம் என்றது. டிரைவருக்குக் கேட்க இனிமையான வாக்குறுதி: ஊற்ற வேண்டிய திரவம் ஒன்று குறைவு. மேக்ஸ்ஃபோர்ஸ் 11, 13 எஞ்சின்கள் அப்படித்தான் விற்கப்பட்டன. அடிப்படை ஜெர்மனியின் மான் (எம்.ஏ.என்.) என்ற கம்பெனியின் எஞ்சின், அது மோசமானதல்ல. ஆனால் சிலிண்டருக்குள் திரும்பவும் அனுப்பும் புகை கூடக்கூட அதைக் குளிர்விக்கிற வேலையும் கூடும். அந்தச் சூடெல்லாம் கூலண்டில் இறங்கும். இ.ஜி.ஆர். கூலர் வெடிக்கும், கூலண்ட் குறைந்துகொண்டே போகும், கரி அதிகமாகி டி.பி.எஃப். அடைக்கும், செக் எஞ்சின் விளக்கு அணையவே அணையாது. வண்டி சாலையில் இருந்த நாட்களைவிட டீலர் முற்றத்தில் நின்ற நாட்கள் அதிகம் என்று ஓனர்கள் குமுறினார்கள்.

இத்தனை செய்தும் 2010 வரம்பை அந்த எஞ்சின்கள் முழுமையாக எட்டவில்லை. முன்பு வரம்பைவிடக் குறைவாக மாசு விட்டதற்காகச் சேர்த்துவைத்த சலுகைப் புள்ளிகளைச் செலவழித்தே விற்றுக்கொண்டிருந்தார்கள். அபராதம் கட்டி விற்க அனுமதித்த இடைக்கால விதியையும் 2012இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்த வருடமே யூரியா வழிக்கு மாறுவதாக நாவிஸ்டார் அறிவித்தது, தலைமை நிர்வாகி டேன் உஸ்டியன் ஆகஸ்டில் விலகினார். ப்ரோஸ்டாரில் கம்மின்ஸ் ஐ.எஸ்.எக்ஸ். எஞ்சின் வைக்கத் தொடங்கினார்கள். 2011 முதல் 2014 வரையான மாடல்களில் மேக்ஸ்ஃபோர்ஸ் 11, 13 வாங்கியவர்கள் போட்ட வழக்குகள் 2019இல் 13.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. 2010இல் செய்து முடித்த எஞ்சின்களை 2009 மாடல் என்று விற்றதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2021இல் 5.2 கோடி டாலர் அபராதம். அதே வருடம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ட்ராட்டன், நாவிஸ்டாரை முழுவதுமாக வாங்கிவிட்டது. அந்த மான் கம்பெனியும் ட்ராட்டனுடையதுதான். சம்பந்தி வீட்டுக்கே பெண் போன மாதிரி.

ஆகவே ப்ரோஸ்டார் என்று விளம்பரம் பார்த்தால், படத்தைப் பார்க்குமுன் எஞ்சின் பெயரைப் படியுங்கள். மேக்ஸ்ஃபோர்ஸ் 13 என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் தொடமாட்டேன். ‘எல்லாம் மாற்றியாச்சு’ என்று பில் காட்டினாலும் அப்படித்தான். கம்மின்ஸ் உள்ள 2014, 2015 ப்ரோஸ்டார் வேறு விஷயம். மேக்ஸ்ஃபோர்ஸ் கெடுத்த பேரால் அதற்கும் விலை அடிபட்டிருக்கிறது, எஞ்சின் ஆனால் பீட்டர்பில்ட்டிலும் கென்வொர்த்திலும் இருக்கிற அதே எஞ்சின். வயர்கள் உரசித் தேய்வதும் சென்சார் தொல்லையும் உண்டு, அதைக் கையாளத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் இந்தப் பட்டியலிலேயே காசுக்கு அதிகம் தருகிற வண்டி இதுவாக இருக்கலாம். 2016இல் அறிமுகமான எல்.டி. மாடல், கம்மின்ஸ் எக்ஸ்15 உள்ளதாகப் பார்த்தால், கஸ்கேடியாவுக்கு நிஜமான போட்டி.

மேக் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் மணல் ட்ரக் ஓட்டுகிறவர்கள் கோபிப்பார்கள். 1900இல் ப்ரூக்ளினில் பிறந்து, முதல் உலகப்போரில் புல்டாக் என்று பேர் வாங்கி, 2001 முதல் வால்வோவின் கையில் இருக்கிற பிராண்ட். கட்டுமானம், டம்ப், குப்பை வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். நீள் தூர ஓட்டத்துக்கு முதல் வண்டியாக எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எந்த வண்டியானாலும் பார்க்கப் போகும்போது சில வேலைகளை நீங்களே செய்யலாம். 2007க்குப் பிந்திய எஞ்சின் என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். சரியாக இருந்தால் விரல் கறுக்காது. ஐந்து லட்சம் மைல் ஓடிய வண்டியின் குழாயும் உள்ளே சாம்பல் நிறமாகச் சுத்தமாக இருக்கும். மை போல ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருந்ததைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ‘டெலிட் பண்ணின வண்டி, தொல்லையே இல்லை’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். இரு நாட்டிலும் அது சட்டவிரோதம், ஒன்டாரியோவின் வருடாந்தரச் சோதனையில் புகையும் பார்க்கிறார்கள். பழையபடி மாட்டுகிற செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல் போகும்.

அடுத்து, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாயிலேயே தலைகீழாக வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் சோடியமோ பொட்டாசியமோ ஏறியிருந்தால் கூலண்ட் எங்கோ எண்ணெயில் கலக்கிறது. எஞ்சின் கணினியில் சேமித்த விவரத்தை டீலரிடம் இறக்கி வாங்குங்கள். மொத்த மைல், மொத்த டீசல், ஐட்லிங் மணி நேரம் எல்லாம் அதில் இருக்கும். மைலை டீசலால் வகுத்தால் அந்த வண்டி உண்மையில் கேலனுக்கு எவ்வளவு கொடுத்தது என்பது கிடைத்துவிடும். விற்பவர் வாயால் சொன்ன மைலேஜோடு அது ஒத்துப்போவது அபூர்வம்.

உப்புப் போடுகிற மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் ஸ்லீப்பருக்கு, அதாவது கேபினின் பின்னால் உள்ள படுக்கை அறைக்குக் கீழே டார்ச் அடித்து ஃப்ரேமின் இரண்டு தகடுகள் சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவில் துரு வீங்கித் தகட்டைப் பிளந்திருந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். எஞ்சின் தகட்டில் உள்ள வருடத்தையும் படியுங்கள். ட்ரக்கின் மாடல் வருடமும் எஞ்சின் வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2011 மாடல் வண்டிக்குள் 2010க்கு முந்திய எஞ்சின் இருக்கலாம், கலிஃபோர்னியா எல்லையில் அது பெரிய வித்தியாசம்.

முதல் வண்டி, மூடிய ட்ரெய்லர் அல்லது ரீஃபர் எனும் குளிர்பதன ட்ரெய்லர், புரோக்கர் லோடு, வீட்டில் கட்ட வேண்டிய கடன்: இந்த நிலையில் இருப்பவருக்கு 2018 அல்லது அதற்குப் பிந்திய கஸ்கேடியாவைத்தான் சொல்வேன். அது நெப்ராஸ்காவின் நடுவில் நின்றாலும் கையெட்டும் தூரத்தில் டீலர் இருப்பார், உதிரி இருக்கும். அதே பணத்துக்கு எக்ஸ்15 உள்ள, ஐட்லிங் குறைவான, ஒரே ஓனர் ஓட்டிய இன்டர்நேஷனல் எல்.டி. அகப்பட்டால், தயங்காமல் அதை எடுக்கலாம். ஆசையும் கணக்கும் சேர வேண்டும் என்பவருக்கு 579 ஒரு நடுவழி. பெயர் பீட்டர்பில்ட்தான், மூக்கு காற்றுக்கு வளைந்து கொடுத்தது, கேபினும் அகலம். 389, தட்டை ட்ரெய்லரோ பெரிய இயந்திரங்களோ இழுத்து, மைலுக்கு நல்ல விலை கொடுக்கிற நேரடி வாடிக்கையாளர் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு.

எதை எடுத்தாலும் வண்டி விலையில் கையிருப்பு முழுவதையும் கொட்டாதீர்கள். ஒரு எஞ்சினை வண்டியிலேயே வைத்துப் பிரித்துக் கட்டுவதற்கு இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் டாலர் வரை சாதாரணமாக ஆகிறது, வண்டி நிற்கிற வாரங்களில் வருமானமும் இல்லை. குறைந்தது பதினைந்தாயிரம் டாலர் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வாங்க முடியாத விலை என்றால் இன்னும் ஆறு மாதம் கம்பெனி வண்டியையே ஓட்டுங்கள். எண்ணெய் மாதிரி எடுக்கவும் கணினி விவரத்தை இறக்கவும் விடாமல், “வேறு ஆள் பார்க்க வருகிறார், இன்றைக்கே முன்பணம் கொடுங்கள்” என்று அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம், அந்த வேறு ஆளுக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.